ஒரு முழ நீளச் சொல்

ஆங்கிலத்தில் ‘செஸ்குவிபெடேலியன்’ என்று ஒரு பெயரடை இருக்கு. கதைக்கிற ஆங்கிலத்தில் அது கேட்கக் கிடைக்காது. எழுத்தில் எப்போதாவது வரும், அதுவும் பெரும்பாலும் யாரையாவது நக்கலடிக்கத்தான். அகராதி அதற்கு இரண்டு பொருள் சொல்லும். ஒன்று, மிக நீளமான, பல அசைகள் கொண்ட சொல்லைப் பற்றியது. மற்றது, அப்படியான சொற்களை அள்ளி விசுக்குகிற ஆளையோ எழுத்தையோ பற்றியது. ஆங்கிலத்தில் எழுதினால் 14 எழுத்து, சொன்னால் 6 அசை. நீளமான சொல்லைக் குறிக்க வந்த சொல், தானே அதற்கு உதாரணமாகவும் நிற்குது.

‘அறிந்திராத ஆங்கிலச் சொற்கள்’ என்று வாற பட்டியல்களில் இது கட்டாயம் இருக்கும். வாசிக்கிறவர்கள் ஒருக்காச் சிரித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். ஆனால் இது எங்கேயிருந்து வந்தது என்று தேடிப் போனால் வேறு கதை வருகிறது. அதில் ஒரு செங்கல் இருக்கு. நாடிழந்து, வறுமைப்பட்டு நிற்கிற இரண்டு அரசர்கள் இருக்கினம். அடிமையாக இருந்து விடுதலையான ஒருவரின் மகன் இருக்கிறார். அந்தக் கதை தெரிந்தால், எழுதுகிறபோதும் கதைக்கிறபோதும் நாங்கள் தூக்குகிற பெரிய சொற்களை எப்படி அளப்பது என்று கொஞ்சம் விளங்கும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லை உடைத்துப் பார்ப்பம். இலத்தீனில் ‘செஸ்குவி’ என்றால் ஒன்றரை. 150ஆவது ஆண்டு நிறைவை ஆங்கிலத்தில் ‘செஸ்குவிசென்டெனியல்’ என்பார்கள், அதாவது ஒன்றரை நூற்றாண்டு. அடுத்த பகுதி ‘பெட்’, பாதம். சைக்கிளில் காலை வைத்து மிதிக்கிறோமே பெடல், அது இந்த வேரில் வந்தது. வீதியில் நடந்து போகிறவரைக் குறிக்கும் ‘பெடஸ்ட்ரியன்’ என்பதும் அப்படித்தான். வடமொழியில் இருந்து தமிழுக்கு வந்த ‘பாதம்’ என்ற சொல்லும் இதற்குத் தூரத்துச் சொந்தம். இலத்தீனும் வடமொழியும் ஒரே மொழிக் குடும்பம் என்றபடியால் வந்த உறவு அது. ஆக, ‘செஸ்குவிபெடேலியன்’ என்றால் நேரடியாக ‘ஒன்றரை அடி நீளமான’ என்று பொருள்.

உரோமர்களிடம் இது இலக்கியச் சொல்லாக மட்டும் இருக்கவில்லை, மேசன்மாரின் சொல்லாகவும் இருந்தது. அவர்கள் செங்கல்லுக்கு அளவை வைத்துத்தான் பெயர் வைத்தார்கள். இரண்டு அடிக் கல்லுக்கு ‘பிபெடேலிஸ்’, ஒன்றரை அடிக் கல்லுக்கு ‘செஸ்குவிபெடேலிஸ்’. உரோம அடி ஏறக்குறைய 29.6 சென்ரிமீற்றர். அப்படியென்றால் அந்தக் கல் ஒரு பக்கம் 44 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரும். ஒரு கையால் தூக்க ஏலாத கல். சொல்லைக் கல்லுக்கு உவமித்தபோது உரோம வாசகருக்கு அந்தப் பாரமும் சேர்ந்து விளங்கியிருக்கும் என்று நினைக்கிறோம்.

எங்களுக்கும் இந்த அளவு புதிசில்லை. ஒன்றரை அடி என்றால் 18 அங்குலம், அதாவது ஒரு முழம். முழங்கையில் இருந்து நடுவிரல் நுனி வரைக்கும். கோயில் வாசலில் பூ வாங்கும்போது நாங்கள் கேட்கிற அதே முழம். அதனால் இந்தச் சொல்லைத் தமிழாக்க மினக்கெடத் தேவையில்லை. ‘முழ நீளச் சொல்’ என்றால் போதும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கு. தமிழில் ‘அடி’ கால் பாதத்தையும் குறிக்கும், அளவையும் குறிக்கும், செய்யுளின் வரியையும் குறிக்கும். குறளை ஒன்றே முக்கால் அடி என்று சொல்லுவோம். இலத்தீனில் ஒன்றரை அடி என்றால் அநியாயத்துக்கு நீளம். தமிழில் ஒன்றே முக்கால் அடி என்றால் அதற்கு மேல் சுருக்க ஏலாது.

இனி அந்தச் சொல்லை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தவரிடம் போவம். ஹொரேஸ், கி.மு. 65இல் தென் இத்தாலியில் வெனூசியா என்ற ஊரில் பிறந்தவர். அவருடைய தகப்பன் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். ஏலங்களில் காசு சேர்க்கிற வேலை செய்தவர். மகன் ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடக் கூடாது என்று உரோமுக்கே கூட்டிக்கொண்டு போய்ப் படிப்பித்தார். பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. கி.மு. 42இல் பிலிப்பியில் நடந்த சண்டையில் ஹொரேஸ் புரூட்டஸின் பக்கம் நின்றார். அந்தப் பக்கம் தோற்றது. மன்னிப்புக் கிடைத்துத் திரும்பி வந்து பார்த்தால் தகப்பனின் வீடும் காணியும் கைவிட்டுப் போயிருந்தன. திறைசேரியில் எழுதுவினைஞராக வேலைக்குச் சேர்ந்தார். கவிதை எழுதியதும் பெரிய ஆட்களின் ஆதரவு கிடைத்ததும் அதற்குப் பிறகுதான்.

இந்த வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு அவருடைய ‘ஆர்ஸ் பொயெற்றிக்கா’வை வாசிக்க வேண்டும். கவிதை எழுதுவதைப் பற்றி, பீசோ குடும்பத்தாருக்குக் கடிதம் எழுதுகிற மாதிரி அமைந்த 476 வரிக் கவிதை அது. ‘ஒன்றரை அடிச் சொற்கள்’ அதில் ஓரிடத்தில்தான் வருகிறது. ஹொரேஸ் அங்கே நாடகத்தைப் பற்றிக் கதைக்கிறார். தெலிபஸ், பீலியஸ் என்று இரண்டு பாத்திரங்களை எடுக்கிறார். தெலிபஸ் மைசியாவின் அரசன். அகில்லீஸின் ஈட்டியால் பட்ட காயம் ஆறாமல், அதற்கு மருந்து தேடிப் பிச்சைக்காரன் கோலத்தில் எதிரிகளிடமே வந்து நின்றவன். யூரிப்பிடீஸ் கி.மு. 438இல் அவனைக் கந்தல் துணியோடு மேடையேற்றினார். ஓர் அரசனுக்குக் கந்தலா என்று அரிஸ்டோபனீஸ் அதைப் பிறகு தன்னுடைய நாடகத்தில் பகிடி பண்ணினார். பீலியஸ் அகில்லீஸின் தகப்பன். சகோதரக் கொலைக்காக நாட்டை விட்டுத் துரத்தப்பட்டவன்.

ஹொரேஸ் சொல்வதன் சாரம் இதுதான். இரண்டு பேரும் இப்போது ஏழைகள், நாடிழந்தவர்கள். தங்கட துயரம் பார்க்க வந்தவரின் நெஞ்சைத் தொட வேண்டும் என்று அவர்கள் நினைத்தால், ஊதிப் பெருத்த பேச்சையும் ஒன்றரை அடிச் சொற்களையும் தூக்கி எறிந்துவிடுவார்கள். பார்க்கிறவரின் கண்ணீர், பேசுகிறவரின் உண்மையான நோவில் இருந்துதான் தொடங்கும் என்பதும் அவருடைய எண்ணம்.

இதில் இரண்டு விசயத்தைக் கவனிக்க வேணும். நீளமான சொல்லே கூடாது என்று ஹொரேஸ் சட்டம் போடவில்லை. எறிகிறார்கள் என்றால் முதலில் கையில் இருந்திருக்கிறது. அரசனாக இருந்தபோது அரச பேச்சுப் பேசியிருப்பார்கள். கோபம் வந்தால் நகைச்சுவை நாடகத்தின் பாத்திரமும் குரலை உயர்த்தும் என்று அதே இடத்தில் அவரே சொல்கிறார். சொல் எவ்வளவு நீளம் என்பதை விட, அதைச் சொல்கிறவர் எந்த நிலைமையில் நிற்கிறார், அது யாரைப் போய்ச் சேர வேணும் என்பதுதான் அவருடைய கேள்வி.

இரண்டாவது, இந்தச் சொல் பிறந்தது வறுமையையும் நாடிழப்பையும் பற்றிய பேச்சில். சொத்திழந்து, தோற்ற பக்கத்தில் நின்று திரும்பி வந்த ஒருவர் எழுதியது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் இந்தச் சொல்லை எடுத்தபோது நீளத்தை மட்டும்தான் எடுத்தது. அந்த இரண்டு அகதி அரசர்களையும் உரோமிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டது.

ஆங்கிலம் அப்படி எடுத்ததுக்கு அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு சண்டையும் காரணம். 16ஆம் நூற்றாண்டில் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் இருந்து ஆங்கிலத்துக்குள் சொற்கள் வண்டில் வண்டிலாக வந்து இறங்கின. எதிர்த்தவர்கள் அவற்றை ‘மைக்கொம்புச் சொற்கள்’ என்றார்கள். அந்தக் காலத்தில் மையைக் கொம்புக்குள் ஊற்றி வைத்துத் தொட்டு எழுதுவார்கள். மைக்கொம்பு தீர்ந்துபோகிற அளவு நீளமான சொற்கள் என்ற நக்கல் அதில் இருந்தது. 1553இல் தோமஸ் வில்சன் எழுதிய சொல்லாட்சி நூலில், தேவாலய வேலை ஒன்றுக்கு விண்ணப்பிக்கிற ஒருவரின் கடிதத்தைப் போட்டு அந்தப் பாணியைக் கிழிகிழி என்று கிழிக்கிறார். அந்தக் கடிதத்தில் அவர் நக்கலடித்த சொற்களில் ‘செலிபிரேட்’ இருக்கு, ‘டெக்ஸ்டெரிற்றி’ இருக்கு. ‘செலிபிரேட்’ இன்றைக்கு மூன்று வயதுப் பிள்ளையின் பிறந்தநாள் கேக்கோடு வாற சொல். அதே கடிதத்தில் இருந்த ‘இன்ஜென்ட்’ செத்துப் போச்சு.

அதே பக்கத்தில் சேர் ஜோன் சீக்கும் நின்றார். கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பேராசிரியர், ஆனால் கலப்பில்லாத ஆங்கிலம் வேண்டும் என்று நின்றவர். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது, நூறு வீரர்களின் தலைவனைக் குறிக்கும் ‘சென்ரூரியன்’ என்ற இலத்தீன் சொல்லை விட்டுவிட்டு ‘ஹன்ட்ரெடர்’ என்று தானே ஒன்றைச் செய்தார். நூற்றுவன் என்கிற மாதிரி. வடிவான சொல்தான், ஆனால் நிலைக்கவில்லை. தனித்தமிழ் விவாதங்களைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இந்தக் கதை நல்லாப் பழகினது. வில்சனும் முழுதாக வெல்லவில்லை, சீக்கும் வெல்லவில்லை. எந்தச் சொல் சனத்துக்குப் பயன்பட்டதோ அது இருந்தது. அது எங்கேயிருந்து வந்தது என்றோ எவ்வளவு நீளம் என்றோ ஒருவரும் பார்க்கவில்லை.

ஆனால் பெரிய சொல்லால் ஆளை அசத்துகிற ஆசை மட்டும் போகவில்லை. சேக்ஸ்பியர் ‘லவ்ஸ் லேபர்ஸ் லொஸ்ற்’ நாடகத்தில் 27 எழுத்துள்ள ‘ஒனோரிபிகாபிலிற்றூடினிற்றாற்றிபஸ்’ என்ற சொல்லைக் கோமாளியின் வாயில்தான் வைத்தார். படித்தவர்கள் சொற்களால் விளையாடுவதைப் பார்த்து அவன் விடுகிற பகிடி அது. 1755இல் சாமுவேல் ஜோன்சன் வெளியிட்ட பேர்போன அகராதியில் ‘நெற்வேர்க்’ என்ற லேசான சொல்லுக்குப் பொருள் பார்க்கப் போனால், ‘ரெற்றிகியுலேற்றட்’, ‘டெகசேற்றட்’, ‘இன்ரஸ்ரிசஸ்’ என்று மூன்று இலத்தீன் கற்கள் வந்து தலையில் விழும். வலை என்றால் என்ன என்று மீனவனைக் கேட்டிருந்தால் விரலால் காட்டியிருப்பான்.

பெரிய சொல் போட்டால் பெரிய ஆளாகத் தெரியுமா என்பதையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். டானியல் ஒப்பன்ஹைமர் என்ற உளவியலாளர் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே கட்டுரையின் லேசான சொற்களை எடுத்துவிட்டு, தேவையில்லாமல் நீளமான சொற்களைப் போட்டு, ஆட்களிடம் வாசிக்கக் கொடுத்தார். எழுதியவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று கேட்டபோது, நீளச் சொல் கூடக் கூட மதிப்புக் குறைந்தது. அந்த ஆய்வின் தலைப்பையே வேணுமென்று வாய்க்குள் நுழையாத சொற்களால் வைத்திருந்தார். அந்த வருசம் இலக்கியத்துக்கான ‘இக் நோபல்’ பரிசு, சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுக்கிற அந்தப் பரிசு, அவருக்குத்தான் கிடைத்தது.

இதுவரைக்கும் சொன்னது பெருமைக்காகப் போடுகிற நீளச் சொல். அதனால் வாசிக்கிறவருக்கு அலுப்பு, எழுதுகிறவருக்கு அவமானம். அதோடு முடிந்துவிடும். ஆனால் ஒளிப்பதற்காகப் போடுகிற நீளச் சொல்லும் இருக்கு. 1946இல் ஜோர்ஜ் ஓர்வெல் ஆங்கிலத்தையும் அரசியலையும் பற்றி எழுதிய கட்டுரை இதைத்தான் பிடித்தது. நிராயுதபாணிகளின் ஊர்களுக்குக் குண்டு போடுவதை ‘அமைதிப்படுத்தல்’ என்று எழுதினால், வாசிக்கிறவரின் மனதில் ஒரு படமும் எழும்பாது. குண்டும் தெரியாது, மாடும் தெரியாது, ஓடுகிற சனமும் தெரியாது. ஆங்கிலத்தில் இலத்தீன் வழி வந்த சொற்கள் இதற்கு வாய்ப்பானவை, ஏனென்றால் அவை வீட்டுக்குள் புழங்காதவை. ‘ஆஸ்க்’ என்றால் அம்மாவும் கேட்கலாம், கடைக்காரரும் கேட்கலாம். ‘இன்ரறோகேற்’ என்றால் அங்கே மேசையும் வெளிச்சமும் மட்டும்தான் இருக்கும், கேட்கிறவரின் முகம் இருக்காது.

இந்த வகைச் சொற்களை எங்கட தலைமுறை அகராதியில் படிக்கவில்லை. போரின் கடைசிக் கட்டத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் ‘மனிதாபிமான நடவடிக்கை’. 2009இல் வன்னியில் இருந்து வந்த சனத்தை முள்ளுக்கம்பிக்குள் வைத்திருந்த மெனிக் பாம் முகாம்களுக்குப் பெயர் ‘நலன்புரி நிலையங்கள்’. அங்கே இருந்தவர்களுக்குப் பெயர் ‘உள்ளக ரீதியாக இடம்பெயர்ந்தோர்’. இவற்றைத் தமிழில் வாசித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் இலக்கணமாக இருக்கு, மரியாதையாகவும் இருக்கு. கம்பி மட்டும் அதில் எங்கேயும் இல்லை. உரோமில் துயரப்பட்டவர் எறிந்த ஒன்றரை அடிச் சொல்லை, இங்கே துயரத்தைப் பற்றி அறிக்கை எழுதியவர்கள் எடுத்துக் கையில் வைத்திருந்தார்கள்.

அப்படியென்றால் நீளச் சொற்களை எல்லாம் தூக்கி எறிவமா? இங்கேதான் ஹொரேஸைக் கவனமாக வாசிக்க வேண்டியிருக்கு. ஏனென்றால் இதே மண்ணில் நேர் எதிரான ஓர் உதாரணமும் இருக்கு.

2016இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி அமைந்த அலுவலகத்தைச் செய்திகளில் ‘காணாமல் போனோர் அலுவலகம்’ என்று எழுதுவார்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய உறவுகள் தங்களை அப்படிச் சொல்வதில்லை. ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள்’ என்றுதான் சொல்வார்கள். ‘காணாமல் போனோர்’ சின்னது, வாய்க்கு லேசு. ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ நீளம், பதாகையில் எழுதினால் இடம் காணாது. ஆனாலும் விடமாட்டார்கள்.

ஏன் என்று இலக்கணமே சொல்லும். ‘போனார்’ என்பது தன்வினை. பேனை காணாமல் போகும், ஆடு காணாமல் போகும், அதற்கு ஒருவரும் பொறுப்பில்லை. ‘ஆக்கப்பட்டார்’ என்பது செயப்பாட்டுவினை. ஆக்கப்பட்டார் என்றால் ஆக்கினது ஆர் என்ற கேள்வி கூடவே வரும். ‘வலிந்து’ என்றால் பலவந்தம் இருந்திருக்கு. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்றுக்கொண்ட சமவாயத்தில் இருக்கிற குற்றத்தின் பெயரும் அதுதான். இலங்கை 2016இல் அதை ஏற்று உறுதிப்படுத்தி, 2018இல் சட்டமாகவும் கொண்டுவந்தது. ஆக, இந்த இடத்தில் நீளமான சொல்தான் உண்மையைச் சொல்லுது, சின்னச் சொல்தான் ஒளிக்குது.

பந்தலுக்குள் இருக்கிற தாய்மாரிடம் போய்க் கதைத்தால் அவர்கள் இரண்டையும் வைத்திருப்பது தெரியும். கேட்கும்போது ‘என்ர பிள்ளை எங்க’ என்று மூன்று சொல்லில் கேட்பார்கள். மனு எழுதும்போது ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்ட’ என்று ஒரு எழுத்தும் குறையாமல் எழுதுவார்கள். எங்கே எதை எறிய வேணும், எங்கே எதைப் பிடித்து வைத்திருக்க வேணும் என்று அவர்களுக்கு ஒரு கவிதைக் கோட்பாடும் படிப்பிக்கத் தேவையிருக்கவில்லை.

தமிழைப் பொறுத்தவரைக்கும் நீளம் என்ற அளவே கொஞ்சம் ஏமாற்றுகிற அளவு. எங்கட மொழி ஒட்டி ஒட்டிப் போகிற மொழி. ‘கூட்டிக்கொண்டுபோகமாட்டாதவர்களுக்கு’ என்று சேர்த்து எழுதினால் ஒன்றரை அடிக்கு மேலே வரும். ஆனால் அம்மம்மாவுக்கு விளங்கும், முன்பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். ‘கருத்தியல்’ அதில் பாதிகூட இல்லை, எத்தனை பேருக்கு விளங்கும்? பாரம் எழுத்து எண்ணிக்கையில் இல்லை. அந்தச் சொல்லை யாரும் உங்களுக்குத் திறந்து காட்டினார்களா என்பதில்தான் இருக்கு.

இது கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு நாளாந்தப் பிரச்சினை. ஓர் ஒப்படையை எடுத்துப் பாருங்கள். ‘சமூகக் கட்டமைப்புசார் மேலாதிக்கக் கருத்தியல் மறுஉற்பத்தி’ என்று ஒரு வரி ஓடும். அதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு பெரிய யோசனையின் பெயர், பிழை சொல்ல ஏலாது. ஆனால் எழுதினவரையே நிற்பாட்டி ‘இதை ஊரில இருக்கிற தங்கச்சிக்குச் சொல்லு’ என்றால் திக்குமுக்காடிப் போவார். ஆங்கில மொழிமூலம் என்றால் இன்னும் கஷ்டம். கருத்தரங்கில் ஒருவர் நாலு முழ நீளச் சொல்லை விட்டவுடன் பின் வரிசை அமைதியாகிவிடும். வீட்டில் முதன்முதலாகக் கம்பஸ் வந்த பிள்ளை, தனக்கு விளங்காதது தன்ர குறை என்று நினைத்துக்கொண்டு தலையைக் குனியும். சொன்னவருக்கே அது சரியாக விளங்காமல் இருக்கலாம் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றாது. அந்த அமைதியில்தான் எங்களுக்குக் கோபம். ஏனென்றால் கேட்க நல்ல கேள்வி வைத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பின் வரிசையில்தான் இருக்கிறார்கள்.

இதற்கு மருந்தும் கம்பஸிலேயே இருக்கு, குப்பி. சோதனைக்கு முதல் நாள் இரவு, விளங்கின ஒருவர் விளங்காத பத்துப் பேரை இருத்தி வைத்துச் சொல்லிக் கொடுப்பது. குப்பி விளக்கு வெளிச்சத்தில் படித்த காலத்தில் இருந்து வந்த பெயர் என்று சொல்லுவினம். ஹொரேஸ் எறியச் சொன்ன ‘ஊதிப் பெருத்த பேச்சு’க்கு அவர் போட்ட இலத்தீன் சொல்லும் நேர்ப் பொருளில் வயிறு பெருத்த குப்பியைத்தான் குறிக்கும். அந்தக் குப்பி வேறு, எங்கட குப்பி வேறு. எங்கட குப்பியில் ‘மேலாதிக்கம்’ என்றால் என்ன என்று கேட்டால், ‘அடிக்காம, வெருட்டாம, மற்றவனைத் தானாவே ஓம் எண்டு சொல்லப் பண்ணுறது’ என்று பதில் வரும். அது கிராம்சியின் யோசனையை முழுதாகச் சொல்லவில்லைத்தான். ஆனால் அதைக் கேட்ட பிறகு ‘மேலாதிக்கம்’ என்ற சொல் சுவராக இருக்காது, கதவுக்குக் கைபிடி மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எடுத்துப் பாவிக்கலாம், ஒவ்வொரு முறையும் பத்துச் சொல்லில் விளக்கத் தேவையில்லை. கலைச்சொல்லின் பயன் அதுதான். முதலில் திறந்து காட்டாமல் நேரே சொல்லைத் தூக்கிப் போடுவதுதான் பிழை.

ஆகவே சின்னச் சொல்லே நல்லது என்ற கொடியை நாங்கள் தூக்கவில்லை. எழுதும்போது ஒரு முழ நீளச் சொல் வந்து நின்றால், அதைப் பார்த்து மூன்று கேள்வி கேட்கலாம் என்று நினைக்கிறோம். ஒன்று, சின்னச் சொல் சொல்லாத எதையாவது இது சொல்லுதா? ‘ஆக்கப்பட்டோர்’ சொல்லுது, ‘மனிதாபிமான நடவடிக்கை’ சொல்லேல்ல. இரண்டு, இந்தச் சொல்லால் கதைக்குள் வராமல் வெளியே நிற்கிறது யார்? யாராவது நின்றால் அவர்களுக்கு ஒரு வரியில் அதைத் திறந்து காட்டினோமா? மூன்று, இந்தச் சொல்லுக்குப் பின்னால் யாராவது ஒளிந்திருக்கிறார்களா? செய்தவரின் பெயரை இது விழுங்குதா?

இந்தக் கேள்விகளை மற்றவர்களின் எழுத்திலும் கேட்க வேணும். அமைச்சு அறிக்கையை வாசிக்கும்போது, அரசியல்வாதியின் மேடைப் பேச்சைக் கேட்கும்போது, நினைவேந்தலில் ‘வரலாற்றுப் பெருந்துயரின் ஆறாத வடு’ என்று அடுக்குமொழி ஓடும்போது. செத்தவர்களின் பெயரை வாசித்தாலே போதும் என்கிற இடத்தில் அடுக்குமொழி யாருக்காக வருகிறது என்று கேட்பது மரியாதைக் குறைவில்லை. வறுமைப்பட்டவரும் நாடிழந்தவரும் நெஞ்சைத் தொட வேண்டுமென்றால் எதை எறிவார்கள் என்று ஒருவர் 2,000 வருசத்துக்கு முன்பே கவனித்து வைத்திருக்கிறார்.

முழத்தைப் பற்றிக் கடைசியாக ஒன்று. முழம் ஆளுக்கு ஆள் மாறுகிற அளவு. பூ விற்கிறவரின் கை கட்டையென்றால் எங்களுக்குக் கிடைக்கிற பூவும் குறையும். அதனால்தான் பூ வாங்கப் போகிறவர்கள் மாலையைப் பார்க்க முதல் அளக்கிற கையைப் பார்ப்பார்கள். அடுத்த முறை ஒரு பெரிய சொல் உங்கள் முன்னால் வந்து விழுந்தால், அகராதியை எடுக்க முதல், அதை ஆர் அளந்து போட்டது என்று ஒருக்காப் பாருங்கோ. விளங்காட்டி எழும்பிக் கேளுங்கோ. பின் வரிசையில் இருந்தென்றாலும் பரவாயில்லை.